தொண்ணூற்றாறு வீதம்

என் முதல் வெளிநாட்டு நேர்முகத்தில் நான் வாயை ஆவென்று திறந்தபடி உறைந்துபோனேன். பயத்தில் இல்லை. கணினி உறைந்தது, அதற்குள் இருந்த நானும் உறைந்தேன். மெல்பேர்னில் இருந்த இரண்டு பேரும் கடைசியாகப் பார்த்தது அரைக்கண் மூடிய என் முகத்தைத்தான். அந்த நேரம் நான் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "ஸ்லோவா வேலை செய்யிற கொம்பியூட்டர் எண்டா எனக்குத் தண்ணி பட்டபாடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை அப்படிப்பட்டது. அவுஸ்திரேலியாவில் வசிக்கும் தமிழ் முதியவர்களுக்குத் தொலைபேசியில் கணினி உதவி செய்யும் ஒரு சின்ன நிறுவனம். 'என்ர ஸ்கிரீன் நிண்டுட்டுது பிள்ளை' என்று அவர்கள் எடுத்தால், இங்கே கெலிஓயாவில் வீட்டில் இருந்தபடியே நான் அவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வந்தவளின் திரையே நின்றுவிட்டால் யார்தான் வேலைக்கு எடுப்பார்கள்?

ஆனால் பிரேமிளா என்ற அந்த முகாமையாளர் நல்ல மனுசி. அன்று பின்னேரமே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு முறை பேசலாம், இந்த முறை இடையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். மூன்றாவது முறை இருக்காது என்பதை அந்த மரியாதைக்குள்ளேயே வைத்திருந்தார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கந்தோரில் கணினிகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள் நான். சுஜந்தனைக் கட்டி இங்கே வந்ததும் அதை விட்டேன். அவர் கிழமை நாட்களில் கொழும்பில். நான், மாமா, மாமி மூவரும் இந்த மலைச்சரிவு வீட்டில். மாமி தங்கமான மனுசி, மாமா அதற்கும் மேல். இருந்தாலும் காலையில் எழுந்ததும் 'இண்டைக்கு என்ன கறி' என்பதைத் தவிர வேறொரு கேள்வி எனக்குத் தேவைப்பட்டது. அது கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடத்தில் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவளாகிவிடுவேன் என்று பயந்தேன். ஏற்கெனவே கொஞ்சம் அப்படித்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"மழையாலதான் பிள்ளை," என்றார் மாமி பத்மாதேவி. "இந்தக் கண்டி மழைக்கு என்ர முழங்காலே இறுகிப்போகுது. அதுவும் பாவம் என்ன செய்யும்?"

கணவர் தொலைபேசியில், "ஃபோர்மட் அடியும்" என்றார். அவருக்கு எல்லா நோய்க்கும் இந்த ஒரே மருந்துதான். அது அவர் பேராதனைக் கம்பசில் படித்த காலத்தில் வாங்கிய கணினி. கூடத்து மூலையில், மாமி பின்னிய வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு இருக்கும். புதிது வாங்கும் எண்ணம் இப்போதைக்கு வீட்டில் யாருக்கும் இல்லை.

மாமா வரதராசா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டிக் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். விடியக்காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்து ஏதோ வாசிப்பார். பேப்பர் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். ஒன்பது மணிபோல எழும்பி, எவ்வளவு குளிரென்றாலும் தலையில் தண்ணீர் வார்த்து முழுகிவிட்டுத்தான் இடியப்பத்தில் கை வைப்பார். நான் கணினிப் பக்கம் போனால் போதும், "வா பிள்ளை, நான் எழும்புறன்" என்று உடனே கதிரையை விட்டு எழும்பிவிடுவார். மருமகளைக் காக்க வைக்காத மாமனார் என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைக்குள்தான் விசயமே இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாமா கதிரையை விட்டு எழும்பியதும் நான் வேலையில் இறங்கினேன். இணைப்பின் வேகம் நன்றாகவே இருந்தது. மாமியின் மழைக்கு விடுதலை. அடுத்ததாக டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். கணினிக்குள் என்னென்ன நடக்கிறது, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டுவது அது. நினைவகம் என்ற இடத்தில் சிவந்துபோய் நின்றது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதம்.

அதன் பொருளை மாமிக்கு இப்படிச் சொன்னேன். அலுமாரியில் எவ்வளவு சாமான் இருந்தாலும் சமைக்கிற நேரம் மேசையில் எடுத்து வைத்தால்தானே வெட்டலாம், அரைக்கலாம். நினைவகம் அந்த மேசை. எங்களுடையது சின்ன மேசை, நாலே நாலு ஜீபி. அது நிறைந்துவிட்டால் ஒவ்வொரு வெங்காயத்துக்கும் அலுமாரிக்கு நடக்க வேண்டும். அந்த நடைதான் நாங்கள் பார்க்கிற உறைவு.

"அப்ப மேசையில என்ன கிடக்குது?" என்று மாமி சரியான கேள்வியைக் கேட்டார்.

அங்கேதான் எனக்குக் குழம்பியது. என் பிரவுசர் கொஞ்சம், வைரஸ் காவல் கொஞ்சம், சில்லறைகள் கொஞ்சம். கூட்டிப் பார்த்தால் பாதி மேசைகூட நிறையவில்லை. பந்தியில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், ஆனால் ஐம்பது பேருக்கு ஆக்கிய சோறு முடிந்துபோயிருக்கிறது.

தொடக்கத்திலேயே தானாக எழும்புகிற வேண்டாத நிரல்களை நிறுத்தினேன். முழுவதையும் நிறுத்தி மறுபடி தொடக்கினேன். நாற்பத்தொரு வீதம்! அன்று பின்னேரம் முழுக்க அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நான் பாட்டுப் பாடாத குறை. கணவருக்குத் தொலைபேசி எடுத்து, "ஃபோர்மட் அடிக்காமலே சரிப்பண்ணிட்டன்" என்று கொஞ்சம் தலைக்கனத்தோடு சொன்னேன்.

புதன் காலை மாமா எழும்பிப் போனதும் போய் இருந்து பார்த்தேன். தொண்ணூற்றாறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டிக்குக் காது இருந்திருந்தால் பொசுங்கியிருக்கும். நாளைக்கு வியாழன். ரேம் என்ற நினைவகச் சில்லு பழுதாகியிருக்குமோ என்ற பயத்தில் பெட்டியைக் கழற்றி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு கெலிஓயாச் சந்தியில் இருக்கும் அஸ்ஃபரின் கடைக்குப் போனேன். அஸ்ஃபர் வாய் ஓயாத ஆள். பெட்டியைத் திறந்து தூசியை ஊதியபடியே பேசினார்.

"மிஸ், இதுக்குள்ள ஒரு தோட்டம் போடலாம் போல ஈக்கிது. மண் ரெடி."

ரேமைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், சோதனை ஓடவிட்டார், தன் திரையில் இணைத்துக் காட்டினார். நாற்பது வீதம். நான் என் பெயரில் உள்ளே போய்ப் பார்த்தேன். அதே நாற்பது. மல்லுக்கட்டுகிறவள் மாதிரி அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை.

"ரேம் நல்லா ஈக்கிது, மிஸ். ஒரு கொறையும் இல்ல. ஆனா வயசு கூடிப் பெய்த்து. புதுசு ஒன்டு எடுங்களேன், காட்டவா?"

"வேண்டாம் அஸ்ஃபர். இது கடையில நல்ல பிள்ளை, வீட்டிலதான் குழப்படி."

"அப்ப எங்கட புள்ளைகள் மாதிரித்தான்," என்று அவர் பெட்டியை மூடித் தந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். கடையில் நாற்பது, வீட்டில் தொண்ணூற்றாறு. அதே பெட்டி, அதே நான். கடையில் இல்லாதது, வீட்டில் இருப்பது எது? மாமியின் பின்னல் துணி. மழை. பிறகு... முச்சக்கர வண்டி எங்கள் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறுகிறபோது பதில் பளிச்சென்று வந்தது. மாமா!

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திரும்ப இணைத்துப் பூட்டினேன். மாமா ஆவலோடு வந்தார். "சரிவந்திட்டுதோ? ஒருக்காப் பாப்பம்," என்று கதிரையில் இருந்தார். நான் சமையலறையில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கும் நேரம் விட்டுத் திரும்பி வந்தேன். வழமை போல, "வா பிள்ளை, நான் எழும்புறன்." இந்த முறை அவர் விரலைக் கவனித்தேன். எதையும் மூடவில்லை, வெளியேறவும் இல்லை. இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்த, பெயர் கேட்கிற திரை வந்தது. தன் பக்கத்தை அப்படியே உள்ளே உயிரோடு விட்டுவிட்டு எனக்கு இடம் விட்டார்.

அந்தக் கணினியில் எங்கள் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துத் தந்தவர் சுஜந்தன். ஒருவருடையதை மற்றவர் பார்க்க முடியாது. முழுவதையும் பார்க்க அவருடைய கடவுச்சொல் வேண்டும். அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"அது... உமக்கு எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கோப்பா, அவசரம்."

குரலைத் தணித்து, "உம்மட பேர். பின்னால எங்கட கலியாண எழுத்து நடந்த வருசம்," என்றார். பக்கத்தில் கந்தோர் ஆட்கள் இருந்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, காலையிலிருந்து இருந்த கோபமும் கொஞ்சம் இறங்கிப்போனது.

உள்ளே போய்ப் பார்த்தேன். வதனா என்ற என் பெயருக்கு நேரே ஒரு கையளவு. வரதராசா என்ற பெயருக்கு நேரே மேசை முழுவதும்.

மாமாவிடம் போய் எப்படிக் கேட்பது? அதிர்ந்து பேசாத மனிதர். விடியக்காலையில் இவ்வளவையும் விழுங்குகிற எதை இவர் பார்க்கிறார்? என் புத்தி போகாத இடமெல்லாம் போய் வந்தது. மாமிக்கும் அதே புத்திதான் போலிருக்கிறது. கரண்டியோடு வந்து நின்றார். "சீட்டு விளையாடுறாரோ?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"மாமா, ஒருக்கா உங்கட பக்கத்தைத் திறந்து காட்டுறீங்களோ? என்ர இன்டர்வியூவுக்குத்தான்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். பிறகு மறுபேச்சில்லாமல் இருந்து தன் பெயரை அமத்தினார்.

பிரவுசரின் மேல்விளிம்பில் பக்கங்கள் ஒன்றோடொன்று நெருக்கி, பெயர் தெரியாமல் பல்லுப்போல நின்றன. முதலாவதைத் திறந்தேன். மாலை போட்ட ஒரு முகம், கீழே பிறந்த இடம், வாழ்ந்த இடம், பக்கத்தில் எரிகிற ஒரு குத்துவிளக்கு. மரண அறிவித்தல். இரண்டாவதும் அதுவே. மூன்றாவதும். நான் போய்க்கொண்டே இருந்தேன். ரொறொன்ரோ, இலண்டன், பாரிஸ், வவுனியா. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒவ்வொன்றிலும் நெளிந்து நெளிந்து எரிகிற ஒரு விளக்கு. எல்லாமே செத்தவீடு.

மாமி கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இஞ்சருங்கோ! ஒவ்வொரு நாளும் இத்தினை செத்தவீட்டுக்குப் போட்டு முழுகாமலோ என்ர குசினிக்குள்ள வந்தனீங்கள்?"

"முழுகிப்போட்டுத்தானே வாறனான்," என்றார் மாமா.

நானும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். பனிக் குளிரிலும் ஒன்பது மணிக்குத் தலையில் தண்ணீர் வார்க்கிற அந்தப் பிடிவாதத்துக்கு இத்தனை நாளும் காரணம் தெரியாமல் இருந்தோம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியும் சிரித்தார். மாமாவும் ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

"சரி மாமா, வாசிச்ச பிறகு மூடலாந்தானே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முப்பத்தொண்டுக்கு முதல் எப்படிப் பிள்ளை மூடுறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஆள் போன நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் படத்துக்கு முன்னால் வைத்த விளக்கை அணையவிட மாட்டார்கள். வீட்டில் யாராவது மாறி மாறி எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்கள். மாமா அந்த அறிவித்தல்களைத் திறக்கிற நேரம் விளக்கு எரியத் தொடங்குகிறது. மூடினால் இல்லாமல் போகிறது. ஒவ்வொருவருக்கும் முப்பத்தொன்று முடிகிற வரைக்கும் அவர் மூடவில்லை. கணினியை நிறுத்தினாலும், மறுபடி திறக்கிறபோது பிரவுசர் பழைய பக்கங்களையெல்லாம் தானாகவே திறந்துவிடும். ஒருவருடையது முடிய முன்னர் இன்னும் இரண்டு பேர் போய்விடுகிறார்கள். அவருடைய வயதுக்காரர்கள் அல்லவா.

"என்னோட கச்சேரியில இருந்த ஆக்கள், படிச்ச ஆக்கள், எங்கட ஒழுங்கை ஆக்கள். எல்லாம் ஒவ்வொரு மூலையில கிடந்து போகுதுகள். இந்தக் காலோட நான் எங்க போறது? செத்தவீட்டுக்குத்தான் போகேல்லை, விளக்கையும் நானே நூர்க்கிறதே?"

எனக்குள் கோபம் நின்றபடிதான் இருந்தது. நாளைக்குப் பத்து மணி. "மாமா, அது விளக்கில்லை. படம்," என்றேன். சொன்ன விதம் கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருந்தது.

"தெரியும் பிள்ளை. சாமி அறையில கிடக்கிறதும் படந்தானே," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிற ஆள் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டே தன் கையால் அணைக்க மாட்டேன் என்கிறார். அவரோடு வாதாடினால் நான் வெல்வேன், பிறகு இந்த வீட்டில் இருவரும் முகம் பார்க்க முடியாது. நான் என் தொலைபேசியை எடுத்தேன்.

"மாமா, இதில ஒரு ஆளைச் சொல்லுங்கோ."

அவர் யோசித்து, "ரவிகுமார்," என்றார். மடுல்கெல்லவில் பிறந்து, கச்சேரியில் மாமாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவராம். "வாங்க தொர, டீ குடிப்பமா எண்டு ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் கூப்பிடுவான். ஒருநாளும் தன்ர காசில வாங்கித் தந்ததில்லை."

ரவிகுமாரின் அறிவித்தலை என் தொலைபேசியில் திறந்து மேசையில் நிறுத்தி வைத்தேன். அங்கேயும் விளக்கு எரிந்தது. "இப்ப கொம்பியூட்டரில இருக்கிறதை நீங்கள் மூடுங்கோ. போனைப் பாத்துக்கொண்டு மூடுங்கோ."

மாமா எலியின் மேல் விரலை வைத்தார். மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். கிளிக். திரையிலிருந்து ரவிகுமார் போனார். தொலைபேசியில் அவருடைய விளக்கு ஒரு நெளிவும் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"எரியுது," என்றார் மாமா.

"இது எங்கட வீட்டில எரியேல்லை மாமா. அது அங்க, அவையின்ர இடத்தில எரியுது. நாங்கள் எங்கட யன்னலைத்தான் சாத்துறம். எப்ப வேணுமெண்டாலும் திறந்து பாக்கலாம்."

அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு முகத்தையும் நான் 'விளக்கு' என்று பெயர் வைத்த ஒரு கோப்புறைக்குள் சேமித்தேன். அவர் மூடினார். மூடுகிறபோது ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொன்னார். தேவையில்லாமல் ஒரு சொல் பேசாத மனிதருக்குள் இவ்வளவு கதை இருந்ததா என்று நான் வாயைப் பிளந்தேன், கணினி உறையாமலே. ஒருவர் கந்தோர்ப் பயணத்தில் பேருந்தை விட்டுவிட்டுக் கலகெதர வரைக்கும் லொறியில் ஆடுகளோடு போனவர். ஒரு அம்மா கலியாண வீடுகளில் பலகாரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு போகிறவ. "அவவின்ர மகள்தான் என்ர தோடு கேட்டு வாங்கித் திருப்பித் தராதவள்," என்று மாமி இடையில் புகுந்தார். செத்தவர்களைப் பற்றி அப்படிச் சிரித்தோம் என்று யாராவது கேட்டால் குறைதான் சொல்வார்கள். ஆனால் செத்தவீட்டின் பின்கொட்டிலில் இதுதானே நடக்கும். மாமா எத்தனையோ காலத்துக்குப் பிறகு அங்கே போய் இருந்தார்.

இடையிடையே கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறவர் மாதிரி, "எத்தினை பிள்ளை?" என்பார்.

"எண்பத்திரண்டு."

"ஆ! இன்னும் ரெண்டு பேரைப் பாப்பம்."

கடைசியில் ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. மாமாவின் கை எலியிலிருந்து விலகியது. படத்தில் இருந்தவருக்கு மாமாவின் அதே மூக்கு, அதே நெற்றி. திகதி போன மாரிகாலத்தது. முப்பத்தொன்று எப்போதோ முடிந்துவிட்டது.

"அண்ணை," என்றார் மாமா. "ரொறொன்ரோவில. விசா கிடைக்கேல்லை. இதிலதான் லைவ் போட்டவை. பிரேதம் எடுக்கிற நேரம் பாத்துக் கொம்பியூட்டர் இடையில நிண்டிட்டுது. பேந்து திரும்ப வரேக்க எல்லாம் முடிஞ்சுது." சற்றுப் பொறுத்து, "இது கிடக்கட்டும் பிள்ளை," என்றார்.

உறைந்த திரைக்கு முன்னால் இருப்பது என்னவென்று எனக்கு மூன்று நாளாகத்தான் தெரியும். அவருக்கு மாரிகாலத்திலிருந்து தெரியும். "கிடக்கட்டும் மாமா. ஒரு விளக்கு ஒண்டும் செய்யாது. இப்ப ஐம்பதுக்குள்ள நிக்குது. எனக்கு அது காணும், தாராளம்," என்றேன்.

வியாழன் காலை நல்ல வெயில். நான் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மாமா கணினிக்கு முன்னால் இல்லை. விறாந்தையில் பேப்பரோடு, உண்மையான கடதாசிப் பேப்பரோடு இருந்தார். நான் இருந்து பார்த்தேன். முப்பத்தொன்பது வீதம். கணினி நல்ல மனநிலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஓடவில்லை.

பத்து மணிக்குப் பிரேமிளாவும் இன்னொருவரும் திரையில் வந்தார்கள். முகங்கள் தண்ணீர் போல அசைந்தன. பிரேமிளா நேராக விசயத்துக்கு வந்தார்.

"திங்கக்கிழமை ஏன் நிண்டது? கண்டுபிடிச்சீங்களோ?"

ஒப்பித்து வைத்திருந்த பதிலெல்லாம் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது, கடையில் நாற்பது வீட்டில் தொண்ணூற்றாறு, வெளியேறாமல் விலகிப்போன கணக்கு, மூடாத பக்கங்கள். மாமி கரண்டியோடு முழுக்கைப் பற்றிக் கேட்ட இடத்தில் அந்த இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். விளக்கைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"என்ன சொல்லி மூட வைச்சீங்கள்?" என்று கேட்டார் பிரேமிளா.

"நான் சொன்னது ஒண்டும் சரிவரேல்லை. என்ர போனில எரியிறதைக் காட்டினன். அவரே மூடினவர்."

பிரேமிளா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு, "எங்களுக்குக் கோல் எடுக்கிற ஆக்கள் முக்காவாசி உங்கட மாமா மாதிரித்தான். வாற கிழமை தொடங்கேலுமோ?" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் மாமி குசினியிலிருந்து ஓடி வந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். சுஜந்தனுக்கு எடுத்தோம். அவர் அங்கே சத்தம் போட்டார். பாயாசத்துக்குச் சவ்வரிசி இருக்கிறதா என்று மாமி தேடப் போனார். மாமா வந்து கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நிக்கேல்லையோ பிள்ளை?"

"நிக்கவே இல்லை மாமா! வாங்கோ, இனி உங்கட முறை," என்று கதிரையை விட்டு எழும்பினேன்.

அப்போதுதான் கவனித்தேன். பதினொரு மணியாகிறது, மாமாவின் தலை காய்ந்திருக்கிறது. அவர் இன்னும் முழுகவில்லை.

"நீங்கள் இண்டைக்கு உள்ளுக்குப் போகேல்லையோ?"

"விடிய ஒருக்காப் போனனான். ஒரு சின்ன வேலை."

அவர் தன் பெயரை அமத்தினார். பிரவுசர் திறந்தது. வெறும் வெள்ளை. மேல்விளிம்பில் ஒன்றுமில்லை.

"மாமா, பெரியமாமா எங்க?"

அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார். "மூடிட்டன். ஒருவேளை உனக்கு இடம் காணாமப் போனா எண்டு... உன்ரயும் இடையில நிக்கக்கூடாதெல்லே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையில் என்ன போனது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அந்த ஒன்றைத்தான் நேற்று 'விளக்கு'க்குள் சேமிக்கவும் இல்லை. மூட மாட்டார் என்று விட்டிருந்தேன்.

"பரவாயில்லைப் பிள்ளை, எப்பிடியும் ஒரு நாளைக்கு..." என்று மாமா தொடங்கினார்.

நான் இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டு என் வேலைக் குரலில், "வணக்கம், நான் வதனா கதைக்கிறன். உங்கட கொம்பியூட்டரில என்ன பிரச்சினை, ஐயா?" என்றேன்.

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டார். கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"ஒரு விளக்கு நூந்துபோச்சு, பிள்ளை."

"ஒரு நிமிசம், ஐயா."

கடைசியாக மூடிய பக்கத்தைத் திரும்ப எடுக்க மூன்று விசைகள் போதும். அவருடைய விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்து அமத்தினேன். வெள்ளை மறைந்தது. அதே மூக்கு, அதே நெற்றி. பக்கத்தில் விளக்கு நெளிந்து எரியத் தொடங்கியது.

மாமா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தினை?"

"நாற்பத்தெட்டு."

"உனக்குக் காணுமோ?"

"காணும் மாமா."

குசினிக்குள் மாமி சவ்வரிசியைக் கண்டுபிடித்துவிட்ட சத்தம் கேட்டது. மாமா எழும்பி, கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முழுகப் போனார்.